கேக் தூளும் ராத்தாவின் மூக்கும்

கேக் தூளுக்கு அளவு கேட்டு யாராவது போன் பண்ணினால் நானும் சளைக்காமல் சொல்லிவிடுவேன். கறுவாப்பட்டை இத்தனை கரண்டி, கராம்பு அதில் பாதி, ஏலக்காய் கொஞ்சம், ஒரு சாதிக்காய், அதன் மேல் பூவாக மூடியிருக்கும் வசவாசியில் ஒரு துண்டு. எழுதிக்கொண்டு சந்தோஷமாகப் போனை வைத்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் அந்த அளவுப்படி நான் ஒருநாளும் தூள் இடித்ததில்லை. கறுவா எந்த மரத்தில் உரித்தது, ஏலக்காய் கடையில் எத்தனை காலம் கிடந்தது என்பதெல்லாம் கரண்டிக்கு எங்கே தெரியும்? மூக்குக்குத்தான் தெரியும். மாத்தளையில் குடியிருந்துகொண்டு வாசனைச் சாமானுக்குக் கரண்டி தேடினால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

கறித்தூளைப் போல இதை வறுக்கக் கூடாது. சுளகில் பரப்பி வெயிலில் காயவைத்து, மிளகாய் பக்கமே போகாத ஒரு கிரைண்டரில் அரைத்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். சாதிக்காயை மட்டும் கடைசியில் துருவிச் சேர்ப்பேன். அப்புறம்தான் பரீட்சை. சின்னச் சட்டியில் ஒரு கரண்டி வெண்ணெயை உருக்கி, ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டு, முகத்தை மேலே கொண்டுபோவேன். வெறும் தூளை முகர்ந்தால் மூக்கில் குத்தும், வேறொன்றும் சொல்லாது. வெண்ணெயில் விழுந்தால்தான் கேக்கில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று காட்டும். கறுவா முன்னால் வர வேண்டும். கராம்பு பின்னால் நிற்க வேண்டும். ஏலக்காய் வந்துவிட்டுப் போன மாதிரி இருந்தால் போதும், உட்கார்ந்து கதை பேசக் கூடாது. இதுதான் என் சட்டம். மாத்தளை டவுனில் எத்தனையோ கலியாண வீட்டுக்கு இந்தச் சட்டப்படிதான் கேக் போயிருக்கிறது.

அப்படிப்பட்ட மூக்கு ஒரு தைப் பொங்கலுக்குப் பிறகு வந்த காய்ச்சலோடு போய்விட்டது.

காய்ச்சல் விட்டு எழுந்த அன்று அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் முன் அறையிலிருந்து ஓடிவந்து, "பால் கருகுதே, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று சத்தம் போட்டார். சட்டி கறுத்துப் போயிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கராம்புப் போத்தலைத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தேன், வெறும் காற்று. குளிக்கும் சவர்க்காரம், கருவாடு, வீட்டுக்காரரின் சட்டை, எல்லாமே வெறும் காற்று. டாக்டர் சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு மாதக்கணக்காகும், பொறுமையாக இருங்கள் என்றார். பொறுமை எனக்குக் கொஞ்சம் தூரத்துச் சொந்தம், எப்போதாவதுதான் வந்துபோகும்.

வேறு வருஷமாக இருந்தால் சமாளித்திருப்பேன். அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் என் ஒரே மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீடு மன்னார். கேக்கை ஒரு கடையில் சொல்லிவிட்டால் உங்களுக்கும் வேலை மிச்சம் என்று அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். என் மகள் விடவில்லை. "எங்க அம்மா கேக் இல்லாம எனக்குக் கலியாணமா?" என்று கேட்டுவிட்டாள். அவள் அதைப் பெருமையாகச் சொன்னபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து, தேத்தண்ணியா கோப்பியா என்றுகூடத் தெரியாத ஒன்றைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. ஊரார் வீட்டுக் கலியாணத்துக்கெல்லாம் கேக் செய்துவிட்டு, பெற்ற பிள்ளையின் கலியாணத்துக்குக் கடைக் கேக்கை வெட்டுவதா? அவள் என்னை விட்டு மன்னாருக்குப் போகப் போகிறாள். நகையும் சேலையும் எல்லாத் தாயும் கொடுப்பாள். என் கையிலிருந்து போகிற ஒன்று என்று என்னிடம் அந்தக் கேக்தான் இருந்தது.

வெண்ணெய்ச் சட்டியை முதலில் வீட்டுக்காரரிடம்தான் நீட்டினேன். அவர் பக்தியோடு முகர்ந்து, "நல்லாருக்கு" என்றார். கராம்பை அள்ளிப் போட்டு மறுபடி நீட்டினேன். "நல்லாருக்கு." பிறகு வேண்டுமென்றே மல்லித்தூளைப் போட்டு நீட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முந்தியதை விட நல்லாருக்கு" என்றார். கலியாணமான நாளிலிருந்து நான் எதை ஆக்கிப் போட்டாலும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லிவருகிறார். நல்ல மனுஷன். அன்றைக்கு மட்டும் அந்த நல்ல மனது ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிட்டது. வருஷா வருஷம் தவக்காலத்துக்கு நான் இனிப்பை விட்டுவிடுவேன், ஆண்டவரோடு எனக்கு அப்படியொரு ஒப்பந்தம். விட்டிராவிட்டாலும் பயனில்லை. வாசம் போனவள் நாக்கில் சீனி இனிக்கும், உப்பு கரிக்கும், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ராத்தாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். என்னைவிட மூத்தவர், நான் இந்த ஒழுங்கைக்குக் குடிவந்த நாளிலிருந்து எனக்கும் அவர் ராத்தாதான், நான் அவருக்குத் தங்கச்சி. எங்கள் இரண்டு குசினிக்கும் நடுவில் இடுப்புயர மதில். என் மகள் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் நான் பலாபத்வல பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை அந்த மதிலேறிக் குதித்து ராத்தா வீட்டுக்குப் போய்விடும். சாப்பாடு அங்கே, தூக்கம் அங்கே, வீட்டுப்பாடம் அங்கே. அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து அவளும் ராத்தாவை "உம்மா" என்று கூப்பிடத் தொடங்கினாள். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சுட்டது. அப்புறம், என் பிள்ளை பசியில்லாமல் இருக்கிறதே என்ற நிம்மதிதான் பெரிதாகத் தெரிந்தது.

தவக்காலத்தோடு ஒட்டினாற்போலவே அந்த வருஷம் அவர்களுக்கு நோன்பும் பிறந்திருந்தது. ஒருநாள் பின்னேரம் நான் குசினிக்குள் நெருப்புப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். ராத்தா பின்கதவால் புயல் மாதிரி உள்ளே வந்து, ஒரு கையால் என்னைத் தள்ளி, மறு கையால் கேஸ் சிலிண்டரைத் திருகி மூடினார். ஜன்னலைத் திறந்தார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எங்கட குசினி வரைக்கும் கேஸ் மணக்குது. நீங்க நெருப்புப் பெட்டியத் தேடிக்கிட்டு ஈக்கீங்க! உங்களுக்கு மணக்கல்லயா?"

அடுப்புத் திருகு பாதி திறந்தபடி இருந்திருக்கிறது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். காய்ச்சல், மூக்கு, கேக், மன்னார் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ராத்தாவும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலிக்காரர், அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லாம ஈந்த?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரரத் தவிர யாருக்கும் சொல்லல ராத்தா. மகளுக்குத் தெரிஞ்சா கேக்கைக் கடையில சொல்லிருவா. எனக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிருவா."

"சரி. உங்கட மூக்கு வார வரைக்கும் என்ட மூக்க வச்சுக்கங்க. அது சும்மாதானே ஈக்கி."

அடுத்த நாளிலிருந்து பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்ததும் ராத்தா வந்து என் குசினிக் கதிரையில் உட்காருவார். முதல் நாள் எனக்குப் பெரிய சந்தேகம்.

"ராத்தா, நோன்போட இதெல்லாம் மோந்து பாக்கலாமா?"

"மணம் புடிச்சா நோன்பு முறியாது தங்கச்சி. தூள் பறந்து மூக்குக்குள்ள போகப்படாது, அவ்வளவுதான்."

தூள்தான் பறக்காதே, வெண்ணெயில் கிடக்கிறதே என்று நான் சட்டியைக் காட்டினேன். இருவரும் சிரித்துவிட்டோம். ஒருத்திக்கு மணக்காது, ஒருத்தி பொழுது சாயும் வரை எதையும் வாயில் வைக்க முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து கலியாணக் கேக்குக்குத் தூள் கலக்கிறோம். ஊரில் யாராவது பார்த்திருந்தால் என்னிடம் கேக்குச் சொல்லியிருப்பார்களா?

சாதிக்காயும் வசவாசியும் பல்லேபொலயில் கட்டிக்கொடுத்திருந்த ராத்தாவின் மகள் வீட்டுத் தோட்டத்தது. கறுவாவும் கராம்பும் ஏலக்காயும் நான் வழக்கமாக வாங்கும் கடையில் வாங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் புதிதாக வெண்ணெய் உருக்கி, ராத்தாவின் முகத்துக்குக் கீழே பிடிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் பிள்ளைக்குச் பரீட்சை மறுமொழி வந்த நாளில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"கறுவா முன்னுக்கு நிக்குதா?"

"நிக்குது."

"கராம்பு?"

"அது சரி. ஏலக்கா பத்தாது. இன்னும் கொஞ்சம் போடுங்க."

போட்டேன்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம். சாதிக்காயும் ஒரு துருவல்."

மறுநாளும் அதேதான். ஏலக்காய் பத்தாது, இன்னும் கொஞ்சம். தூளில் பச்சை கலந்து வருவதைப் பார்த்து என் கை தயங்கியது. என் சட்டப்படி ஏலக்காய் அவ்வளவு வராது. ஆனால் கண்ணை நம்பி என்ன செய்வது? பழைய ஏலக்காயைக் கடைக்காரர் என் தலையில் கட்டிவிட்டார் போல, அதுதான் மணம் எழும்பவில்லை என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, கடைக்காரரை மனதுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டு, உரித்து உரித்துப் போட்டேன். ஒரு பின்னேரம் ராத்தா சட்டியிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. பெருமூச்சு விட்டு, "மாஷா அல்லாஹ், இதுதான்" என்றார். பள்ளியில் பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு மேலே எனக்கு ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி வந்தது. அதன் மணமும் தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. அந்தச் சூட்டுக்கே கண் கலங்கியது.

அந்தத் தூளில் சின்னதாக ஒரு கேக் போட்டு வைத்தேன். கண்டியில் வேலை பார்த்த மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஒரு துண்டை வெட்டி நீட்டிவிட்டு, பாத்திரம் கழுவுகிற மாதிரி முதுகைக் காட்டி நின்றேன். திரும்பிப் பார்த்தால், அவள் பாதித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலால் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"என்னடி, சரியில்லையா?"

"இல்லம்மா. இப்படியே செய்யுங்க. ஒண்ணும் மாத்தாதீங்க." மீதியையும் வாயில் போட்டுக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "சத்தியம் பண்ணுங்க, ஒண்ணும் மாத்த மாட்டீங்கன்னு."

கலியாணப் பெண் எதற்கெடுத்தாலும் அழுவாள்தானே என்று நினைத்துக்கொண்டு சத்தியம் பண்ணினேன்.

அதன் பிறகு வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. ரவையை வெண்ணெயில் பிசறி, முந்திரிப் பருப்பை வெட்டி, சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித் தோசியும் இஞ்சிப் பாகும் உலர்ந்த பழமும் பிராந்தியில் ஊறவைத்து, தட்டுத் தட்டாகச் சுட்டெடுத்தோம். ராத்தா வீட்டுக்கென்று எப்போதும் பிராந்தி போடாமல் ஒரு தட்டுத் தனியாகச் சுடுவேன், அதைத் தேனில் ஊறவைத்தேன். இடையில் நோன்புப் பெருநாள் வந்தது. வழக்கம்போல மதிலால் வட்டிலப்பம் வந்தது. கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் ஏலக்காயும் சாதிக்காயும் சேர்த்து ராத்தா அவிப்பதைப் போல இந்த மாத்தளையில் யாரும் அவிப்பதில்லை. தவக்காலம் முடியாததால் நான் தொடவில்லை. வீட்டுக்காரர் என் பங்கையும் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்து, "நம்ம கேக் மாதிரியே இருக்கு" என்றும் சொன்னார். அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சரியாக ருசி சொன்னார், அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. கோயிலில் ராத்தா கடைசி மர வாங்கில் தலையில் முக்காடோடு உட்கார்ந்து, என்னைவிட அதிகமாக அழுதார். சின்னச் சின்னப் பெட்டியில் கேக் துண்டுகள் எல்லார் கைக்கும் போயின. மன்னார் சம்பந்தியம்மா திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இப்படியொரு கேக் நாங்க சாப்பிட்டதே இல்லை" என்றார். நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ராத்தாவின் வீட்டுக்காரர் மறுநாள் மதிலருகே நின்று, "எப்பவும் உங்கட கேக் நல்லம்தான், இந்த முறை எங்கட வீட்டுச் சாமான் மாதிரியே ஈக்கி" என்றார். அதையும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மகள் மன்னாருக்குப் போய்க் கொஞ்ச நாளில் மழை தொடங்கியது. ஒரு காலையில் துணி எடுக்க முற்றத்துக்கு இறங்கினேன். ஏதோ ஒன்று என்னைத் தொட்டது. என்னவென்று புரிய ஒரு கணம் பிடித்தது. ஈரமண். அடுத்த வீட்டில் தாளிக்கும் வெங்காயம். சவர்க்காரம். துணியைப் போட்டுவிட்டுக் குசினிக்கு ஓடினேன். அலுமாரியின் மேல்தட்டில் மிச்சக் கேக் தூள் ஒரு பழைய ஜாம் போத்தலில் இருந்தது. மூடியைத் திறந்தேன்.

ஏலக்காய். முகத்தில் அடித்த மாதிரி ஏலக்காய். அதன் தோளில் கைபோட்டுக்கொண்டு சாதிக்காய். கறுவா எங்கேயோ கடைசி வாங்கில் ஒதுங்கி நின்றது. வெண்ணெயை உருக்கிப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. ராத்தாவின் பெருநாள் வட்டிலப்பம்! என் மகளின் கலியாணத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் நான் வட்டிலப்பத்தைக் கேக் என்று பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மதிலுக்கு ஓடிச் சட்டியை நீட்டினேன். "ராத்தா! இது கேக் தூளா? வட்டிலப்பம்!"

ராத்தா முகர்ந்தார். அவர் வயிற்றில் அன்று காலை ரொட்டியும் சம்பலும் நிறைந்திருந்தன. கண் அகல விரிந்தது. "யா அல்லாஹ்!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "நான் என்ன செய்ற தங்கச்சி? நோன்பு வயிறு. அஸருக்குப் பொறவு யார் என்னத்த நீட்டினாலும் எனக்கு வட்டிலப்பம்தான் ஞாபகம் வரும்" என்றார். அப்படியே மதிலில் சாய்ந்து சிரித்தார். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். ஆனால் என் மூக்குத்தான் திரும்பிவிட்டதே என்று அவர் அடுத்த கணம் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கிருந்து கோபப்படுவது?

அன்றைக்கே மகளுக்குப் போன் பண்ணினேன்.

"நீ அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டே, இல்லையா?"

அவள் சிரித்தாள். "வாயில வச்ச உடனேயே. உங்களுக்கு வாசம் தெரியலன்னும் அப்பவே தெரிஞ்சுது. மூக்கு நல்லா இருந்தா ஏலக்காய அவ்வளவு தூரம் உள்ள விடுவீங்களா நீங்க?"

"பொறகு ஏண்டி சொல்லல? மாத்திக் குடுத்திருப்பேனே!"

"அதுக்குத்தான் சொல்லல. பள்ளிக்கூடம் விட்டு வந்தா எனக்கு உம்மா வீட்டு வாசம். பொழுது பட்டா உங்க வாசம். ரெண்டையும் விட்டுட்டுப் போகணுமேன்னு அழுதுகிட்டு இருந்தேன்மா. ரெண்டும் ஒரே கேக்ல இருந்துச்சு. அதையா மாத்தச் சொல்வேன்?"

மகளுக்கு என் கையிலிருந்து ஒன்று போக வேண்டும் என்றுதான் அவ்வளவு பாடுபட்டேன். அவளை வளர்த்த இன்னொரு கையும் அதில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. எத்தனை வருஷம் என் பிள்ளைக்குச் சோறு போட்ட கை! அதற்கு வாய் திறந்து ஒரு நன்றிகூட நான் சொன்னதில்லை. சொன்னால் ராத்தாவுக்குக் கோபம் வரும் என்று விட்டுவிட்டேன். ஆண்டவர் பார்த்து என் மூக்கை மூடினாரோ என்னவோ, கேக் போய்ச் சொல்லிவிட்டது.

இப்போது என் மூக்கு பழையபடி வேலை செய்கிறது. ஊராருக்குச் செய்யும் தூளில் கறுவாதான் முன்னால், சட்டம் சட்டம்தான். மன்னாருக்கு அனுப்பும் போத்தலுக்கு மட்டும் வெண்ணெயை உருக்கிவிட்டு, மதில் பக்கம் போய்க் குரல் கொடுப்பேன். ராத்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து, கதிரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி முகர்வார்.

"ஏலக்கா பத்தாது தங்கச்சி."

போடுகிறேன்.